தொள்ளாயிரம் வரை எண்ண வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
2 செப்டம்பர் 2024

கனி அம்மாவுக்கு,

இதை உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பத் துணிவு வரவில்லை. மில் வாசலுக்கு எழுதினால் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவதாக வாட்ச்மேன் மாரீஸ்வரன் அண்ணன் சொன்னார். போனில் என் எண்ணை உங்கள் வீட்டுக்காரர் தடுத்துவைத்துவிட்டார். தடுக்காமல் இருந்திருந்தாலும் கூப்பிட்டு என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

அடக்கத்தன்று வந்தேன். தெருமுனையிலேயே உங்கள் பக்கத்து வீட்டு வேல்பாண்டி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். "நாய்க்காரிய இங்க ஆரு வரச் சொன்னா"ன்னு அவர் கத்தியது உங்களுக்கும் கேட்டிருக்கும். நான் திரும்பிவிட்டேன். கனியின் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பள்ளியிலிருந்து என்னை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ராஜபாளையத்து வீட்டை விட்டுவிட்டு இங்கே என் அக்கா வீட்டு மாடிக்கு வந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த புகாரில், சனிக்கிழமை நடைக்குப் பிள்ளைகளோடு நான் கூட்டிப்போன என் நாய் பஞ்சுதான் கனியைக் கடித்தது என்று இருக்கிறது. பஞ்சு உயிரோடு இருக்கிறது. நேற்றுக்கூடக் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். வெறிநோய் கண்ட நாய் பத்து நாளுக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு வருடமும் அதற்கு ஊசி போட்ட சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் எழுதவில்லை. பஞ்சு இல்லை என்றால் கனியைத் தொட்டது வேறொரு நாய். அது எங்கே, எப்போது?

கனி போய்விட்டாள். பொன்னி இருக்கிறாள். ஐந்து வயதுப் பிள்ளை, அக்கா கை வைத்த இடத்திலெல்லாம் கை வைப்பவள். அந்த நாய் பொன்னியையும் கீறியோ நக்கியோ இருந்தால் இப்போதும் ஊசி போடலாம். நோய் கண்ட பிறகுதான் ஒன்றும் செய்ய முடியாது. தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

இவாஞ்சலின்


ராஜபாளையம்
12.9.2024

டீச்சருக்கு,

கடிதம் வந்தது. மில்லில் நூல் சுற்றுகிற ஒயிண்டிங் பகுதியில் எல்லோரும் பார்க்க மாரீஸ்வரன் கொண்டுவந்து கொடுத்தார். இனிமேல் எழுத வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். என் பிள்ளையாவது படிக்கட்டும் என்றுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நாய் பிடித்துக்கொண்டு ரோட்டில் சுற்றவா அனுப்பினேன்? உங்கள் சனிக்கிழமை நடையில் அவள் என்ன படித்தாள்? நாயைக் கண்டால் பயமில்லாமல் போகப் படித்தாள். பயம் இருந்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பாள். முன்பெல்லாம் நாய் குரைத்தால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். அந்தப் பயத்தை எடுத்தது நீங்கள். உங்கள் நாய் கடிக்கவில்லை என்றால் அதற்கு நான் சந்தோசப்பட வேண்டுமா?

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியாது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வாங்கிவந்த பிள்ளை, அன்று சாயங்காலம் தண்ணீர் டம்ளரைப் பார்த்து வீல் என்று கத்தினாள். நாலாம் நாள் முடிந்துவிட்டது. தனி அறையில் கட்டிலோடு கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நின்றீர்களா?

வேறு நாய் எதுவும் எங்கள் வீட்டுப் பக்கம் இல்லை. பொன்னி நன்றாக இருக்கிறாள். அவள் பெயரை எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதற்காகத்தான் இந்தப் பேப்பரைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். கடைசி நாள் கனிக்குப் பேச்சு வரவில்லை. கட்டியிருந்த கையில் இரண்டு விரலை மட்டும் நீட்டித் தொடையில் தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். மறுபடி தட்டுவாள். "வலிப்பு வருதுட்டி, அங்கிட்டுப் போ"ன்னு என் வீட்டுக்காரர் என்னை இழுத்தார். அது வலிப்பு இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே செய்தாள். அந்த நாய்க்கு நீங்கள் கையால்தான் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம்?

காளீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18 செப்டம்பர் 2024

கனி அம்மாவுக்கு,

இரண்டு நாள் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். வேறு ஏதாவது சொல்லலாமா என்றும் நினைத்தேன். உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

பஞ்சு பிறவியிலேயே செவிடு. எங்கள் தெரு ராஜூ வீட்டில் போட்ட குட்டி. காவலுக்கு ஆகாது என்று எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளும் நானும் சேர்ந்து அதற்கு ஒன்பது கைச்சாடை உண்டாக்கினோம். இரண்டு விரலால் தொடையைத் தட்டினால், "போதும், வீட்டுக்குப் போகலாம்."

மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் என்ன படித்தாள் என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் வகுப்பு முடியும்வரை கனிக்கு வாய்ப்பாடு வரவில்லை. கரும்பலகை முன்னால் நிறுத்தினால் அழுதுவிடுவாள். பஞ்சு நடக்கும்போது மூன்று விளக்குக் கம்பத்துக்கு ஒரு கம்பத்தில் காலைத் தூக்கும் என்று முதலில் கண்டுபிடித்தது அவள்தான். "டீச்சர், அடுத்து பன்னெண்டாவது கம்பம், பாருங்க!" என்று முன்னால் ஓடி நின்றாள். பன்னிரண்டாவது கம்பத்தில் பஞ்சுவும் காலைத் தூக்கியது. பதினோரு பிள்ளைகளும் ரோட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள். மூன்றாம் வாய்ப்பாடு அன்றோடு அவளுக்கு வந்தது. கண்மாய்க் கரையில் கடைப் பலகைகளைப் படித்தாள், வேம்புக்கும் புங்கைக்கும் இலை வித்தியாசம் எழுதினாள், சஞ்சீவி மலையின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று வரைந்தாள். பயத்தை நான் எடுத்தேன் என்கிறீர்கள். எடுத்தேன். ஆனால் தெரியாத நாயைத் தொடக்கூடாது என்பதையும், தொட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லாமல் பிள்ளைகளை வாசல் தாண்ட விட்டதில்லை.

இனி என் குற்றம். ஜூன் 15, சனிக்கிழமை. கனியின் வலது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பல் பதிந்த காயம். மேலே சுண்ணாம்பு காய்ந்திருந்தது. "என்னட்டி இது?" என்றேன். "நாய்க்குட்டி, டீச்சர்." "ஊசி போட்டாச்சா?" தலையாட்டினாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சீட்டைக் கொண்டுவா என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு போன் செய்யவில்லை. அதைவிட மோசம், மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, "கனி பயப்படாம ஊசி போட்டுக்கிட்டா, எல்லாரும் கை தட்டுங்க" என்றேன். தட்டினார்கள். அவள் குனிந்து பஞ்சுவின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஆகவே அந்தக் குட்டி இருந்தது. எங்கே என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம். என்னிடமும் சொல்ல வேண்டாம். பொன்னியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவாஞ்சலின்


ராஜபாளையம்
7.10.2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள், செப்டம்பர் இருபது, மில்லுக்குப் போகாமல் பொன்னியைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் திட்டினார். பிறகு, "இப்பவாவது வந்தீங்களே"ன்னார். மூன்று ஊசி ஆகிவிட்டது. நாலாவது ஊசி பதினெட்டாம் தேதி. வீட்டில் பள்ளிக்கூடத்தில் போடுகிற தடுப்பூசி என்று சொல்லியிருக்கிறேன்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஜூன் பன்னிரண்டு, புதன்கிழமை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தேன். அவர் பேங்க்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் குழாய் போட்டிருப்பார்கள். அதற்குள் ஒரு குட்டி கிடந்தது. இரண்டு பிள்ளைகளும் அதற்குச் சோறு வைப்பது எனக்குத் தெரியும். அன்று கனி கையைப் பிடித்துக்கொண்டு வந்து என்னை எழுப்பினாள். "எம்மா, குட்டி கடிச்சிருச்சு. நல்லா இருந்த குட்டி, இன்னைக்கு வாயில நொரையா வருது." தூக்கத்தில், "சின்னக் குட்டிதான, ஒண்ணும் ஆவாது"ன்னேன். அவளே வெளிக்குழாய்க்குப் போனாள்.

செத்த நேரம் கழித்தும் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். துவைக்கிற சோப்பைப் போட்டுக் கையைக் குழாய்க்கு அடியில் நீட்டிக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு, ஐந்நூற்றுப் பதிமூன்று.

"என்னட்டி பண்ணுத? எம்புட்டுத் தண்ணிய வீணாக்குத?"

"தொள்ளாயிரம் வரைக்கும் எண்ணணும்மா. பதினஞ்சு நிமிசம். டீச்சர் சொல்லியிருக்காவ. பொறவு ஊசி போடப் போவணும். இன்னைக்கே போவணும்."

தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. நான் குழாயை மூடினேன். டீச்சர், நான்தான் மூடினேன். பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு வாங்கித் தடவினேன். ஊசிக்குப் போனால் வரிசையில் நின்று பகல் பூராவும் போய்விடும், இரவு மறுபடி மில்லுக்குப் போக வேண்டும், கண்ணைத் திறக்க முடியவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன். மறுநாளும் கேட்டாள். வெள்ளிக்கிழமை, "அந்தக் குட்டி செத்துப்போச்சும்மா"ன்னு சொல்லிக் கேட்டாள். அன்று அவளை அடித்தேன். "டீச்சர் கேட்டா போட்டாச்சுன்னு சொல்லு. இல்லன்னா ஒன்ன நடைக்குக் கூட்டிட்டுப் போவமாட்டாவ"ன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பொறவு அவள் கேட்கவில்லை. காயம் ஆறிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

அவள் எல்லாம் சரியாகத்தான் படித்திருந்தாள். படித்ததை என்னிடம் வந்து சொன்னாள்.

அவருக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்பக் கடிச்சது"ன்னு கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர், "டீச்சர் ஒண்ணு நாய வச்சிக்கிட்டுப் பிள்ளைய இழுத்துட்டுத் திரியுதா, அந்த நாய்தான்"னார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

இருபத்து நாலாம் தேதி பள்ளி நிர்வாகம் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அங்கே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கை தட்டியதற்காக அழ வேண்டாம். நான் செய்ததைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

காளீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 நவம்பர் 2024

கனி அம்மாவுக்கு,

விசாரணை முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்தேன். இப்போது நானே எழுதுகிறேன்.

அந்த அறையில் உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேசைதான். பொன்னி உங்கள் மடியில் இருந்தாள். "உங்க வீட்ல, தெருவுல வேற நாய் எதுவும் உண்டாம்மா?" என்று தாளாளர் கேட்டார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் பக்கம் திரும்பவே இல்லை, நாற்காலிக் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தார். நீங்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "இல்ல சார்" என்றீர்கள்.

உங்கள் அக்டோபர் மாதக் கடிதம் அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும். எடுக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். பொன்னி என்னைப் பார்த்துக் கையசைத்தாள், அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று, ஏன் எடுக்கவில்லை என்று என்னையே திட்டினேன். இன்றைக்கும் சில சமயம் அதை எடுத்து ஜெராக்ஸ் போட்டு அனுப்பிவிடலாமா என்று வருகிறது. அனுப்பவே மாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்து தர என்னால் முடியாது.

வேலை நீக்க உத்தரவு வெள்ளிக்கிழமை வந்தது. மாணவர் பாதுகாப்பில் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறார்கள். ஊசிச் சீட்டைக் கேட்டுப் பார்க்காதவள் நான். அந்த வார்த்தை பொய் என்று எப்படிச் சொல்வது?

மற்றப் பிள்ளைகளின் வீட்டார் யாரும் என்னிடம் பேசுவதில்லை. ஆஸ்டினின் அப்பா மட்டும் வந்து, அவன் நடைக்குப் போகும்போது எழுதிய நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் இருந்தால் அவன் எடுத்து எடுத்துப் பார்க்கிறானாம்.

பஞ்சுவை இங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை. பத்திரிகையில் படம் வந்த நாய் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை முற்றத்தில் விடுவதில்லை. அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கொண்டுபோய் விட்டேன். போன வாரம் பார்க்கப் போனேன். சங்கிலியில் கட்டியிருந்தார்கள். "கூப்ட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது, திமிரு பிடிச்ச நாய்" என்றார் தோப்புக்காரர். செவிடு என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கைச்சாடைகளையும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு மோட்டாரைப் போடப் போய்விட்டார்.

பொன்னிக்கு நாலாவது ஊசி போட்டீர்களா? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இவாஞ்சலின்


ராஜபாளையம்
23.6.2025

டீச்சருக்கு,

நாலாவது ஊசி அன்றைக்கே, போன அக்டோபர் பதினெட்டிலேயே போட்டுவிட்டேன். இதை ஒரு கார்டில் எழுத எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. நாலு கார்டு வாங்கினேன். போட்டாச்சு என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

விசாரணையில் நான் சொல்லாததற்குக் காரணம் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அடிப்பார் என்று பயந்து சொல்லாமல் இருக்கவில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை. ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, கனி கூடவே இருக்க வேண்டும் என்று வந்தவர். இப்போது தினமும் அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உங்களைத் திட்டுகிறார். திட்டி முடித்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்குகிறது. உங்களை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நான் உட்கார வேண்டும். அப்புறம் எங்கள் வீட்டில் பொன்னிக்கு யார் இருப்பார்கள் என்று நினைத்தேன். இதெல்லாம் இரண்டாவது. வாய் வரவில்லை என்பதுதான் முதலாவது.

பொன்னியை வேறு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அவர்தான் நடத்திக் கூட்டிப்போகிறார். எனக்கு ஷிப்ட் இல்லாத நாளில் நானும் போவேன். போன வாரம் புதன்கிழமை மூவரும் போகும்போது சந்துக்குள்ளிருந்து ஒரு செவலை நாய் வந்தது. பொன்னி ஓடவில்லை. இரண்டு கையையும் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நாய் வந்து அவள் காலை மோந்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிற்று.

"ஆருட்டி ஒனக்கு இப்படி நிக்கச் சொன்னா?"ன்னு அவர் கேட்டார்.

"அக்கா. மரம் மாதிரி நிக்கணும். நாய் கண்ணப் பாக்கக் கூடாது. அது போன பொறவு மெதுவா நடக்கணும்."

அவர் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போய்க்கொண்டிருந்த நாயை விரட்டிப் போய்க் கல்லால் அடித்தார். நடு முதுகில் பட்டு அது கத்திக்கொண்டு சாக்கடைக்குள் விழுந்தது. திரும்பி வந்து, "இனிமே மரம் மாதிரி நின்ன, தோலை உரிச்சிருவேன். கல்ல எடுக்கணும். புரியுதா?" என்றார். சொல்லிவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். பொன்னி என் முகத்தைப் பார்த்தாள். அக்கா சொன்னது சரியா, அப்பா சொன்னது சரியா என்று என்னிடம் கேட்கிற பார்வை. நான் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு, நட"ன்னேன்.

நேற்றுக் கடைக்குப் போனோம். நானும் அவளும் மட்டும்தான். பால் பூத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பொன்னி என் கையை விட்டுவிட்டுக் குனிந்து, கை கொள்ளுகிற அளவுக்கு ஒரு கல்லைத் தேடி எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று அவள் கேட்பாள். அதற்கு நான் அக்காவிலிருந்து, அந்தக் குழாயடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை, டீச்சர். அவளுக்குக் குறி தப்பவில்லை.

காளீஸ்வரி